காலாவதி: சேரியின் கடனும் சேரியின் நிலமும்

புரோநோட்டு மூன்று வருடத்தில் காலாவதியாகிவிடும் என்பது நம் ஊர்களில் கையெழுத்துப் போடத் தெரியாதவர்களுக்கும் தெரியும். கடன் கொடுத்தவர் மூன்றாம் வருடம் முடிவதற்குள் வீடு தேடி வருவார். நூறு ரூபாயாவது கொடு என்று வாங்கி, நோட்டின் பின்பக்கத்தில் வரவு எழுதி, கையெழுத்தும் வாங்கிக்கொண்டு போவார். வரவு வைத்த தேதியிலிருந்து இன்னொரு மூன்று வருடம் ஓடத் தொடங்கும். இதை ஊர் வழக்கம் என்றே பலர் நினைக்கிறார்கள். ஆனால் இது 1963-ஆம் ஆண்டு காலவரம்புச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு.

அதே சட்டத்தின் 27-ஆம் பிரிவை நம்மில் பெரும்பாலோர் கேள்விப்பட்டதில்லை. நிலத்தை மீட்க வழக்குப் போடுவதற்கான காலம் முடிந்துவிட்டால், வழக்குப் போடும் வழி மட்டும் அடைபடுவதில்லை, அந்த நிலத்தின் மீதான உரிமையே அழிந்துபோகும் என்கிறது அது. கடனில் அப்படியில்லை. மூன்று வருடம் கழிந்த கடனை நீதிமன்றம் வசூலித்துத் தராதே ஒழிய, கடன் சாகாது. 'தந்துவிடுகிறேன்' என்று கடனாளி புதிதாக எழுதிக் கொடுத்தால் அது மறுபடி உயிர்பெறும் என்று ஒப்பந்தச் சட்டமும் சொல்கிறது. ஆக, கடன் கொடுத்தவனின் உரிமை தூங்கும், எழும். நிலத்தை இழந்தவனின் உரிமை செத்துப்போகும்.

ஓர் இலக்கிய அமைப்பு தன் நினைவுப் பேருரையில் சிவில் வழக்குகளின் காலக்கெடுவைப் பற்றிப் பேசுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். நம்முடைய கதைகளிலும் தன்வரலாறுகளிலும், சேரித் திண்ணைகளின் பேச்சிலும் திரும்பத் திரும்ப வருகிற ஒரு வாக்கியம் உண்டு: 'அந்த நெலம் எங்க தாத்தா காலத்துல எங்களுது.' இந்த வாக்கியத்தில் 'தாத்தா காலத்துல' என்ற சொல்லுக்கு நீதிமன்றத்தில் என்ன பொருள் என்பதைத்தான் இன்று பேச எடுத்துக்கொண்டோம்.

காலவரம்பு என்ற ஏற்பாடு இங்கே கும்பினி ஆட்சியோடு எழுத்துக்கு வந்தது. சென்னை மாகாணத்தில் 1802-ஆம் ஆண்டின் 2-ஆம் ரெகுலேஷன் சிவில் வழக்குகளுக்குப் பன்னிரண்டு வருடம் என்று கெடு வைத்தது. வங்காளத்தில் 1793-லேயே அந்தக் கெடு இருந்தது. பிரிட்டிஷ் இந்தியா முழுமைக்கும் பொதுவான முதல் சட்டம் 1859-இல் வந்தது. பிறகு 1871, 1877, 1908 என்று திருத்தி எழுதப்பட்டு, கடைசியாக 1963-இல் இப்போதுள்ள வடிவம் பெற்று, 1964 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்தது. நிலத்தில் உரிமையே அழியும் என்ற விதி 1871 சட்டத்தில் எல்லோருக்குமான விதியாக நுழைந்து அப்படியே தங்கிவிட்டது.

இந்த வரலாற்றில் தக்காணத்துக் கதை ஒன்றை இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 1859 சட்டம் சாதாரணக் கடன் பத்திரங்களுக்கு மூன்று வருடம் என்றது. நெடுங்காலம் வட்டி ஏறிக்கொண்டே போவதைத் தடுக்கலாம் என்பது எண்ணம். நடந்தது வேறு. மூன்று வருடம் முடியும்போது சாவுகார் புதுப் பத்திரம் எழுதச் சொன்னார். பாக்கி அசலும் ஏறிய வட்டியும் சேர்ந்து புதுப் பத்திரத்தின் அசலாகிவிடும், அதற்கு மறுபடி வட்டி ஓடும். எழுதிக் கொடுக்காவிட்டால் நீதிமன்றம். 1875 மே 12 அன்று புனே மாவட்டம் சூபாவில் விவசாயிகள் திரண்டு, கணக்குப் புத்தகங்களையும் கடன் பத்திரங்களையும் பிடுங்கி எரித்தார்கள். கலகம் பல ஊர்களுக்குப் பரவியது. விசாரணைக் குழு வந்தது. 1879-இல் தக்காண விவசாயிகள் நிவாரணச் சட்டம் வந்தது. அதில் அந்த விவசாயிகள் மீதான கடன் வழக்குகளுக்குக் கெடு ஆறு வருடமாகவும், பதிவு செய்த பத்திரமென்றால் பன்னிரண்டு வருடமாகவும் நீட்டப்பட்டது. மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப் பத்திரம் என்ற நெருக்கடியைத் தளர்த்தத்தான் இந்த ஏற்பாடு.

காலக்கெடு வானத்திலிருந்து விழுந்ததல்ல என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. நிலமுள்ள குடியானவர்கள் கலகம் செய்தார்கள், நான்கு ஆண்டுகளில் அரசு கெடுவை மாற்றியது.

இதே நூற்றாண்டில் நம்முடைய கடன்கள் எங்கே இருந்தன? எந்தச் சட்டத்தின் மூன்று வருடத்துக்குள்ளும் அவை இல்லை. 1843-ஆம் ஆண்டின் 5-ஆம் சட்டம் அடிமை மீதான உரிமையை நீதிமன்றங்கள் நடைமுறைப்படுத்தக் கூடாது என்றது. அதன் பிறகு ஆண்டைக்குக் கிடைத்த புதிய கயிறு கடன்தான். கல்யாணத்துக்கு வாங்கிய சில ரூபாய்க்கும் சில மரக்கால் நெல்லுக்கும் அப்பன் படியாளானான், அப்பன் செத்த பிறகு மகன் படியாளானான். இந்தக் கடனை வசூலிக்க யாரும் முன்சீப் கோர்ட்டுக்குப் போகவில்லை. போயிருந்தால் முதல் விசாரணையிலேயே காலாவதி என்று தள்ளுபடியாகியிருக்கும். கோர்ட்டுக்கு வராத கடனைக் காலவரம்புச் சட்டம் தொட முடியாது. அதனால் அது தலைமுறை தாண்டி வாழ்ந்தது. கொத்தடிமை முறை ஒழிப்புக்கு 1975 அக்டோபரில் அவசரச் சட்டமும், 1976-இல் நாடாளுமன்றச் சட்டமும் வந்து, கொத்தடிமைக் கடன்கள் எல்லாம் அழிந்தன என்று அறிவிக்க வேண்டியிருந்தது. மூன்று வருடத்தில் காலாவதியாகியிருக்க வேண்டிய கடனை அழிக்க ஒரு நூற்றாண்டுக்கு மேல் பிடித்தது.

நிலத்தின் கதை இதற்கு நேர் எதிர்த் திசையில் ஓடியது.

தனியாருக்குச் சொந்தமான நிலத்தை இன்னொருவர் உரிமையாளரை மறுத்து, ஒளிவுமறைவில்லாமல், தொடர்ந்து பன்னிரண்டு வருடம் அனுபவித்தால், அதன் பிறகு உரிமையாளர் வழக்குப் போட முடியாது. இதைத்தான் எதிரிடை அனுபவம் என்கிறோம். அரசு நிலமென்றால் முன்பு அறுபது வருடம், 1963 சட்டத்தில் முப்பது வருடம். இதற்குச் சொல்லப்படும் நியாயம் பழையது: தன் உரிமையைப் பற்றிக் கவலைப்படாமல் தூங்குகிறவனுக்குச் சட்டம் உதவாது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் யார் தூங்கினார்கள்? ஊர்த் தெருவில் செருப்புப் போட்டு நடக்க முடியாதவன், அந்தத் தெருக்காரர் மேல் பிராது எழுதி வக்கீலிடம் கொடுக்கவில்லை என்றால் அதைத் தூக்கம் என்பதா?

உரிமையாளரால் வழக்குப் போட இயலாத நிலையைச் சட்டம் கணக்கில் எடுக்கவில்லை என்று சொல்ல முடியாது. 6-ஆம் பிரிவில் ஒரு பட்டியல் இருக்கிறது: மைனர், மனநிலை பிறழ்ந்தவர், மூளை வளர்ச்சி குன்றியவர். இவர்களுக்கு அந்த நிலை நீங்கும் வரை காலம் ஓடாது. அந்தப் பட்டியலில் சாதி இல்லை. வழக்குப் போட்டால் மறுநாள் வேலை கிடையாது, தண்ணீர் கிடையாது, குடிசை இருக்காது என்ற நிலையும் இல்லை. 1859 முதல் 1963 வரை ஐந்து முறை சட்டத்தை எழுதியவர்கள் யாருக்கும் இது ஓர் இயலாமையாகத் தோன்றவில்லை.

காலத்தின் பெயரால் உரிமை கேட்பது எப்போதும் ஆதிக்கச் சாதிகளுக்குக் கைவந்த கலை. மகாட் சவுதார் குளத்து வழக்கு நமக்கெல்லாம் தெரியும். 1927 டிசம்பரில் சாதி இந்துக்கள் அம்பேத்கர் மீதும் தோழர்கள் மீதும் சிவில் வழக்குப் போட்டு, இரண்டு நாளில் தற்காலிகத் தடையும் வாங்கினார்கள். அவர்கள் வாதத்தின் சாரம், ஆதிகாலம் தொட்டுத் தீண்டத்தகாதவர்கள் இந்தக் குளத்தைத் தொட்டதில்லை, ஆகவே அது எங்கள் வழக்காற்று உரிமை என்பது. நீண்ட காலமாக நடந்துவருகிறது என்பது மட்டும் போதாது, நினைவுக்கு எட்டாத காலம் தொட்டு நடந்ததை நிரூபிக்க வேண்டும் என்று சொல்லி பம்பாய் உயர் நீதிமன்றம் 1937 மார்ச் 17 அன்று அவர்கள் மேல்முறையீட்டைத் தள்ளியது. வெற்றிதான். ஆனால் ஒரு குளத்து நீருக்கு வழக்கு ஒன்பதே கால் வருடம் நடந்தது என்பதையும் சேர்த்தே நினைவில் வைப்போம். ஒரு பக்கம் நெடுங்கால விலக்கி வைப்பே உரிமை என்று கேட்கப்படுகிறது. இன்னொரு பக்கம் பன்னிரண்டு வருட ஆக்கிரமிப்பே போதும் என்று உரிமை வழங்கப்படுகிறது.

இப்போது பஞ்சமி நிலத்துக்கு வருவோம். 1891-இல் செங்கல்பட்டுக் கலெக்டராகப் பொறுப்பிலிருந்த டிரெமென்ஹீர், பறையர்களின் நிலை பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். தரிசு நிலத்துக்குச் சேரிக்காரர்கள் தர்க்காஸ்து கொடுத்தால் மிராசுதாரர்கள் எப்படி முட்டுக்கட்டை போடுகிறார்கள் என்பதையும், குடியிருக்கும் மனை கூட அவர்களுக்குச் சொந்தமில்லை என்பதையும் அதில் அடுக்கினார். 1892 செப்டம்பர் 30 தேதியிட்ட 1010, 1010-ஏ எண் அரசாணைகள் அதன் விளைவு. ஒதுக்கும் நிலத்தைப் பத்து வருடத்துக்கு விற்கவோ அடமானம் வைக்கவோ குத்தகைக்கு விடவோ கூடாது. அதன் பிறகும் தாழ்த்தப்பட்டவர்களுக்கு மட்டுமே விற்கலாம். மீறினால் கிரயம் செல்லாது, அரசு நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். பழைய பதிவேடுகளில் 'டி.சி. நிலம்' என்று காணப்படுவது இதுதான். இப்படி 12 லட்சம் ஏக்கர் வழங்கப்பட்டதாக நம் இயக்கங்கள் நெடுங்காலமாகச் சொல்லி வருகின்றன.

அரசாணையில் நிபந்தனை இருந்தது. அதை மீறுகிறவர்மேல் நடவடிக்கை எடுக்கும் கடமை தாசில்தார் கையில் இருந்தது. நிலம் வாங்கியவரோ ஊரின் பெரிய பட்டாதாரர். கிரயப் பத்திரம், ஒத்திப் பத்திரம், பத்திரமே இல்லாமல் வெறும் கைரேகை என்று நிலம் கைமாறியது. 1980களில் நடந்த யூ.டி.ஆர். என்னும் நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில், அனுபவத்தில் யார் இருக்கிறாரோ அவர் பெயருக்கே பல இடங்களில் பட்டா ஏறியது. 'டி.சி.' என்ற குறிப்பும் பல ஊர்க் கணக்குகளில் அப்போது காணாமல் போனது என்பது களத்தில் இருக்கும் தோழர்கள் ஊருக்கு ஊர் சொல்லும் செய்தி. 1994 அக்டோபர் 10 அன்று காரணைப் பஞ்சமி நிலப் போராட்டத்தில் செங்கல்பட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் இறந்தார்கள். அந்தப் போராட்டம் அரசாணை வந்து நூற்றிரண்டு வருடம் கழித்து நடந்தது. 'இத்தனை வருடம் என்ன செய்தீர்கள்?' என்று அப்போதும் கேட்டார்கள், இப்போதும் கேட்கிறார்கள்.

இந்தக் கேள்வியைக் கேட்கவே கூடாது என்று தமிழ்நாட்டுச் சட்டம் ஒரு தரப்புக்கு மட்டும் உறுதி கொடுத்திருக்கிறது. 1959-ஆம் ஆண்டு இந்து சமய அறநிலையச் சட்டத்தின் 109-ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். கோயில் நிலத்தை எத்தனை வருடம் அனுபவித்திருந்தாலும், காலவரம்பைக் காட்டித் தனதாக்கிக்கொள்ள முடியாது. சாமி சட்டப்படி மைனர், தன் சொத்தைத் தானே காக்க முடியாது, ஆகவே காலம் அவருக்கு எதிராக ஓடக் கூடாது என்பது இதன் பின்னுள்ள எண்ணம். கோயில் நிலம் கொள்ளை போவதைத் தடுக்க வேண்டும் என்பதில் நமக்கு மாறுபாடில்லை. (கோயில் மனையில் மூன்று தலைமுறையாகக் குடியிருக்கும் ஏழைகளையும் இதே பிரிவு துரத்தும் என்பது தனியாகப் பேச வேண்டியது.) நம் கேள்வி எளியது. தன்னைக் காத்துக்கொள்ள இயலாத சாமிக்கு ஒரு பிரிவு எழுத முடிந்த சட்டமன்றம், தன்னைக் காத்துக்கொள்ள விடப்படாத சேரிக்கு ஏன் எழுதவில்லை?

எழுத அதிகாரம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. அரசமைப்பின் பொதுப் பட்டியலில் 13-ஆவது இனத்தில் காலவரம்பு இருக்கிறது. குடியரசுத் தலைவரின் ஒப்புதலோடு மாநிலம் திருத்தலாம். மற்ற மாநிலங்களில் கெடு மாறியும் இருக்கிறது. ஒடிசாவில் பட்டியல் பகுதிகளுக்கான 1956-ஆம் ஆண்டு ஒழுங்குமுறையிலும், அன்றைய பீகாரில் 1969-ஆம் ஆண்டு ஒழுங்குமுறையிலும், பழங்குடியினர் நிலத்துக்குப் பன்னிரண்டு வருடம் என்பது முப்பது வருடமாக்கப்பட்டது. இவை ஆளுநர் தனக்குள்ள சிறப்பு அதிகாரத்தில் பிறப்பித்தவை. முப்பது வருடம் பெரிய வள்ளல்தனம் அல்ல. ஆனாலும் கெடுவில் கை வைக்கலாம் என்பதை அவை காட்டின.

பக்கத்து மாநிலமான கர்நாடகம் இன்னும் முன்னே போனது. அந்த அனுபவத்தைத் தமிழ்நாட்டில் நாம் போதுமான அளவு படிக்கவில்லை. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் அரசு வழங்கிய நிலம் கைமாறுவதைத் தடுக்க 1978-இல் அங்கே ஒரு சட்டம் இயற்றி, 1979 ஜனவரி 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். சுருக்கமாகப் பி.டி.சி.எல். என்பார்கள். நிபந்தனையை மீறிய பழைய கிரயங்களும் செல்லாது. நிலத்தைப் பெற்றவரோ வாரிசோ உதவி ஆணையரிடம் மனு கொடுத்தால் போதும். வேறு யாராவது எழுதிக் கொடுத்தாலும், அதிகாரி தானாகவே முன்வந்தாலும் நடவடிக்கை எடுக்கலாம். சிவில் கோர்ட், முத்திரைக் கட்டணம், வக்கீல் என்ற படிகள் இல்லை.

நிலம் வாங்கியவர்கள் உச்ச நீதிமன்றம் போனார்கள். மஞ்சேகவுடா வழக்கில் 1984-இல் நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. ஆனால் ஒரு வாசலைத் திறந்து வைத்தது: சட்டம் வருவதற்கு முன்பே எதிரிடை அனுபவத்தால் உரிமை முழுமையாகிவிட்டவர்களை இந்தச் சட்டம் தொடாது. அந்த அனுபவம் பன்னிரண்டு வருடமா, முப்பது வருடமா? 1994-இல் ஹுச்சேகவுடா வழக்கில் விடை வந்தது. நிபந்தனை இருந்தாலும் முழு உரிமையை மானியம் பெற்றவருக்கே கொடுத்திருந்தால் பன்னிரண்டு, அரசு உரிமையைத் தன்னிடம் வைத்துக்கொண்டு கொடுத்திருந்தால் முப்பது. இங்கே ஒரு கசப்பான நுட்பம் இருக்கிறது. அரசு நமக்கு எவ்வளவு முழுமையாக உரிமை கொடுத்ததோ, அவ்வளவு சீக்கிரம் அதைப் பறிகொடுக்கலாம்.

அடுத்த அடி 2017-இல் விழுந்தது. பி.டி.சி.எல். சட்டத்தில் மனு கொடுக்கக் கெடு எதுவும் எழுதப்படவில்லை. கெடு இல்லையென்றால் எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம் என்றுதான் ஏழை மக்கள் புரிந்துகொண்டார்கள். நெக்காந்தி ராம லட்சுமி வழக்கில், சட்டம் வந்து ஏறத்தாழ 25 வருடம் கழித்து வந்த மனுவைப் பார்த்த உச்ச நீதிமன்றம், கெடு எழுதப்படாவிட்டாலும் நியாயமான காலத்துக்குள் வந்திருக்க வேண்டும் என்றது. 'நியாயமான காலம்' எத்தனை வருடம் என்று எங்கும் வரையறுக்கப்படவில்லை. அந்தத் தீர்ப்பைக் காட்டிக் கர்நாடகத்தில் வழக்குகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளுபடியாயின. கிடைத்த நிலத்தைக்கூடத் திருப்பிக் கொடுக்க நேர்ந்தது. தலித் அமைப்புகள் தெருவில் இறங்கிப் போராடிய பிறகு, 2023-இல் சட்டமன்றம் திருத்தம் கொண்டுவந்தது: இந்தச் சட்டத்தின் கீழ் நிவாரணம் கேட்கக் காலவரம்பு எதுவும் கிடையாது, நிலுவையில் உள்ள வழக்குகளுக்கும் இது பொருந்தும்.

இனிமேல் பிரச்சினை இல்லை என்று நினைத்தோம். காலவரம்பு வேறு, காலதாமதம் வேறு, திருத்தம் முதலாவதைத்தான் நீக்கியது, இரண்டாவது நீதிமன்றத்தின் கையில்தான் இருக்கிறது என்று கர்நாடக உயர் நீதிமன்றத்தில் தீர்ப்புகள் வந்துவிட்டன. ஒரு கதவைப் பெயர்த்தால் அதன் பின்னால் இன்னொரு கதவு இருக்கிறது.

தமிழ்நாட்டில் நம் நிலை இதைவிடப் பலவீனமானது. பஞ்சமி நில மீட்புக்கென்று தனிச் சட்டம் இங்கே இல்லை. அரசாணைகளும் வருவாய் நிலையாணைகளும்தான் இருக்கின்றன. எதிரிடை அனுபவம் பகுத்தறிவுக்கு ஒவ்வாத விதி என்று 2008-இல் உச்ச நீதிமன்றமே கடிந்துகொண்டு, சட்டத்தை மறுபரிசீலனை செய்யச் சொன்னது. சட்ட ஆணையம் 2023-இல் தன் 280-ஆவது அறிக்கையில் மாற்றம் தேவையில்லை என்றுவிட்டது. ஆக, தில்லியிலிருந்து எதுவும் வரப்போவதில்லை. நாம் கேட்க வேண்டியது மாநிலச் சட்டமன்றத்திடம். பி.டி.சி.எல். போன்ற ஒரு சட்டம் வேண்டும். அதில் காலவரம்பு கிடையாது என்பதோடு, காலதாமதமும் ஒரு காரணமாகாது என்ற வரியும் சேர வேண்டும். அறநிலையச் சட்டத்தின் 109-ஆம் பிரிவை மாதிரியாகக் காட்டுவோம்.

அந்தச் சட்டம் வரும்வரை காலம் நின்றுகொண்டிருக்காது. களத்தில் வேலை செய்யும் தோழர்களுக்கும் சட்டம் படிக்கும் மாணவர்களுக்கும் சில விஷயங்களை இங்கேயே சொல்லிவிடுகிறோம். நிபந்தனை மீறலுக்காக அரசு ஒதுக்கீட்டை ரத்து செய்வது சிவில் வழக்கு அல்ல. காலவரம்புச் சட்டம் நீதிமன்றத்தில் தொடுக்கும் வழக்குகளுக்கானது. ஆகவே பஞ்சமி நிலத்தில் முதல் கோரிக்கை ரத்து செய்து மீட்கச் சொல்வதாகவே இருக்கட்டும். அவசரப்பட்டுச் சிவில் வழக்குப் போட்டால், 3-ஆம் பிரிவின்படி எதிராளி வாய் திறக்காவிட்டாலும் நீதிபதி தாமாகவே காலக்கெடுவைப் பார்த்துத் தள்ளிவிடுவார். தாமதத்தை மன்னிக்கும் 5-ஆம் பிரிவு மேல்முறையீட்டுக்கும் மனுவுக்கும்தான், மூல வழக்குக்குக் கிடையாது. மோசடியாக எழுதி வாங்கியிருந்தால் 17-ஆம் பிரிவு உதவும், மோசடி தெரியவந்த நாளிலிருந்துதான் காலம் தொடங்கும். அது எப்படி, எந்த ஆவணத்தைப் பார்த்தபோது தெரிந்தது என்பதை நாம் காட்ட வேண்டும். பட்டியல் சாதியினர் நிலத்தை அபகரிப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் ஐந்து வருடம் வரை தண்டனைக்குரிய குற்றம். மூன்று வருடத்துக்கு மேல் தண்டனையுள்ள குற்றங்களுக்குக் குற்றவியல் நடைமுறையில் காலக்கெடு கிடையாது.

கடைசியாக, திங்கள்கிழமை மனுக்கள். கலெக்டர் அலுவலகக் குறைதீர் நாளில் நம் மக்கள் வருடக்கணக்காக மனு கொடுத்து வருகிறார்கள். மனு கொடுத்துவிட்டோம், இனி காலம் ஓடாது என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அது தவறு. எத்தனை மனு கொடுத்தாலும் சிவில் வழக்குக்கான கெடு நிற்காது. பிராது நீதிமன்றத்தில் தாக்கலாகும் நாள் மட்டுமே கணக்கு. ஆனால் 'இத்தனை வருடம் என்ன செய்தீர்கள்?' என்று காலதாமதத்தைக் காட்டி உயர் நீதிமன்றத்தில் கேட்கப்படும்போது, அந்த மனுக்களின் ரசீதுகள்தான் நம்மிடமுள்ள பதில். ஊருக்கு ஊர் அவற்றைத் தேதி வாரியாகச் சேர்த்து வையுங்கள். யூ.டி.ஆருக்கு முந்தைய 'அ' பதிவேட்டின் சான்றிட்ட நகலையும் இப்போதே எடுத்து அதோடு வையுங்கள்.